தேவாங்கின் தேய்ந்த விரல்

அந்தக் காலத்தில், விலங்கும் பறவையும் வாய் ஓயாமல் பேசித் திரிந்தபோது, தேவாங்குக்கு எல்லா விரலும் நீளமாகத்தான் இருந்தன. மழைக்கும் அப்போது எழுதத் தெரியும். வெள்ளம் எந்தப் பக்கம் வரப்போகிறது என்பதை மின்னலால் ஆற்றோரப் பாறையில் எழுதிவைத்துவிட்டுத்தான் மலையை விட்டு இறங்கும். அவ்வளவு நாணயமான மழை.

அந்தப் பாறையடியில்தான் மைனா வாத்தியாரின் பள்ளிக்கூடம். "வெள்ளம் கிழக்கே வரும், மேற்கு மேட்டுக்குப் போ" என்று அவர் ராகம் போட்டுச் சொல்வார். குட்டிகள் ஒரே குரலில் திருப்பிச் சொல்லும். வருஷா வருஷம் மழை எழுதியதும் அதையேதான். குரங்குக்குட்டி தலைகீழாகத் தொங்கிக்கொண்டே ஒப்பிக்கும். முயல்குட்டி தூக்கத்தில்கூடச் சொல்லும். படிப்பு என்றால் இதுதான் என்று ஊரே நம்பியது. பாவம், வாத்தியாரும் நம்பினார்.

வேம்பி என்ற தேவாங்குக்குட்டிக்கு மட்டும் அது வரவில்லை. அவள் ஒவ்வோர் எழுத்துக்கும் கீழே ஆள்காட்டி விரலை வைப்பாள், உற்றுப் பார்ப்பாள், வாய்விட்டுச் சொல்வாள், பிறகுதான் அடுத்த எழுத்தோடு கூட்டுவாள். ஒரு சொல் முடிவதற்குள் மற்ற குட்டிகளெல்லாம் வீடு போய்ச் சேர்ந்துவிடும். "இவ எப்போ படிச்சு எப்போ கரையேறப் போறா" என்று குரங்குக்குட்டி சிரிக்கும். வேம்பிக்கு அழுகை வரும். ஆனாலும் விரலை எடுக்கமாட்டாள். அந்தப் பிடிவாதத்தை என்னவென்று சொல்வது!

அந்த வருஷம் ஒரு காலையில் மின்னல் வெட்டியது. வாத்தியார் பாறையைத் தூரத்திலிருந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு வழக்கமான பாட்டைப் பாடினார். எல்லாரும் மூட்டை கட்டிக்கொண்டு மேற்கு மேட்டுக்குக் கிளம்பினார்கள். வேம்பியின் அம்மாவும், வயிற்றைக் கட்டிக்கொண்டிருந்த கைக்குழந்தையோடு நடந்தாள்.

"புது எழுத்தை ஒரு தடவை படிச்சுட்டு வரேம்மா" என்றாள் வேம்பி.

"சீக்கிரம் வந்துடு கண்ணு."

மின்னல் புதிதாக வெட்டிய எழுத்து. ஓரமெல்லாம் கூர்மை. முதல் சொல் வெள்ளம்தான். இரண்டாவது, எல்லாரும் சொல்லும் சொல்லாக இல்லை. தான்தான் தப்பாகக் கூட்டிவிட்டோம் என்று மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். விரலில் தோல் உரிந்தது. வெள்ளம் மேற்கே வரும் என்றது பாறை. மேற்கு மேட்டில்தானே அம்மாவும் தம்பியும் இருக்கிறார்கள்? தப்பாகச் சொல்லிவிடக் கூடாதே என்று திரும்பத் திரும்பப் படித்தாள். விரல் பாதியாகத் தேய்ந்துபோனது.

காணாமல்போன மாணவியைத் தேடி வாத்தியார் பறந்து வந்தார். "எல்லாரும் போயாச்சு, நீ இன்னும் முதல் வரியிலேயே நிக்கிறியா?"

"வாத்தியாரே, வெள்ளம் மேற்கே வருதுன்னு போட்டிருக்கு."

"எத்தனை வருஷமாப் படிக்கிறேன், எனக்குத் தெரியாதா?"

"என்னைப் பார்க்காதீங்க, பாறையைப் பார்த்துச் சொல்லுங்க. உங்க மூக்கை எழுத்துக்குக் கீழே வைங்க."

மைனா முணுமுணுத்துக்கொண்டே மூக்கை வைத்தார். ஒவ்வோர் எழுத்தாக நகர்ந்தார். இரண்டாவது சொல்லில் மூக்கு அப்படியே நின்றது. "இத்தனை நாளும் நான் படிக்கவே இல்லை, வேம்பி" என்றார். அடுத்த கணம் மேற்கே பறந்தார்.

அவர் கத்திய கத்தலில் கூட்டம் மொத்தமும், பாறையடியில் நின்ற வேம்பியையும் சேர்த்துக்கொண்டு, கிழக்கு மேட்டுக்குத் திரும்பி ஓடிவந்தது. கடைசியாக ஏறியவள் வேம்பியின் அம்மா. குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேற்கு மேட்டைத் தண்ணீர் மூடியது.

அம்மா மகளின் கையைப் பிடித்துப் பார்த்து அழுதாள். "வலிச்சப்பவே எடுத்திருக்கக் கூடாதாடி?"

"எடுத்தா எழுத்து விட்டுப்போயிடுமேம்மா" என்றாள் வேம்பி.

அன்று குரங்குக்குட்டி சிரிக்கவில்லை. தண்ணீர் வடிந்ததும் முதல் ஆளாக வந்து பாறையில் விரலை வைத்தது அதுதான்.

இன்றைக்கு மந்தமானவனைத் தேவாங்கு என்று திட்டுகிறோம். திட்டுகிறவர்கள் அதன் கையை ஒருமுறை பார்த்துவிட்டுத் திட்டட்டும். அன்று முதல்தான் தேவாங்கின் ஆள்காட்டி விரல் குட்டையாகிப்போனது. எழுத்துக் கூட்டத் தொடங்கும் சின்னப் பிள்ளையின் விரல், யாரும் சொல்லாமலே எழுத்துக்குக் கீழே போய் நிற்பதும் அன்று முதல்தான்.