முதல் செல்லைத் தேடியவர்

கண் அறுவை மருத்துவர் இன்பராஜுக்கு நாற்பத்தெட்டு வயது. அவருக்குப் பாடம் சொல்லும் நோய்க்குறியியல் மருத்துவர் மங்கையர்க்கரசிக்கு நாற்பது. குருவைவிடச் சீடர் மூத்தவராக இருந்தால் என்ன, குடியா முழுகிப்போகும்? பதினைந்து வருஷமாகப் புற்றுநோய் வந்த குழந்தைகளின் கண்ணை எடுத்து எடுத்துக் கை சலித்துப்போனவர் இன்பராஜ். அந்த நோய் எங்கே பிறக்கிறது என்றாவது தெரிந்துகொள்வோம் என்று நுண்ணோக்கி அறைக்கு வந்து சேர்ந்தார்.

அன்று காலை ஒரு ஸ்லைடோடு வந்தார். பதினாலு மாசக் குழந்தை நறுமுகை. திங்கட்கிழமை அவரே எடுத்த வலது கண்.

"மேடம், இது எந்த வகை?"

மங்கையர்க்கரசி நுண்ணோக்கியில் பார்த்தார். ஜீன் பரிசோதனைத் தாளையும் புரட்டினார்.

"முதல் வகை. நிறம் பார்க்கிறதுக்காக வளர்ந்துகிட்டிருந்த கூம்புச் செல். வளர்ந்தது போதும்னு நிக்கவேண்டிய இடத்துல நிக்கல."

"ரெண்டாவது வகைன்னா?"

"அதுவும் கூம்புச் செல்லா பிறந்ததுதான்னு சொல்றாங்க. ஆனா பிறந்த குணத்தை மறந்துபோயிருக்கும். கொஞ்சம் வயசு ஏறினப்புறம் வரும். கண்ணைத் தாண்டி ஓடப் பார்க்கும்."

"எந்த வகைன்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா?"

"எப்படித் தெரியும்? கண்ணுல ஊசி குத்திச் சதை எடுத்தா நோய் வெளிய பரவிடும். இங்க நமக்கு, கண்ணை எடுத்தப்புறம்தான் தெரியும்."

இன்பராஜ் ஜீன் பரிசோதனைத் தாளை மடித்து வைத்தார். ஆனால் அவர் கேட்க வந்தது அதை அல்ல.

"குழந்தையோட அம்மா செண்பகவல்லிக்கு நான் பதில் சொல்லணும் மேடம். வயித்துப்பிள்ளைக்காரி கிரகணத்தன்னைக்கு முருங்கைக்காய் நறுக்கினா, அதான் இப்படி ஆச்சுன்னு மாமியார் வார்த்தையாலயே கொல்றாங்க. மூணு நாளா அந்தப் பொண்ணு ஒழுங்கா ஒரு வாய் சாப்பிடல. யார் தப்புன்னு எனக்குச் சொல்லுங்க."

மங்கையர்க்கரசி எழுந்து தன் நாற்காலியை அவருக்குக் கொடுத்தார்.

"இதுல எத்தனையோ செல் இருக்கு. முதல்ல தப்புப் பண்ணின செல் எதுன்னு காட்டுங்க."

தேடினார் மனுஷன். மதியம் வரைக்கும் தேடினார். எல்லாம் ஒரே அச்சு, நீலச் சாயத்தில் தோய்ந்த பொடிப்பொடிப் புள்ளிகள். சில இடங்களில் வட்டம் கட்டி நின்றன. பார்க்க அழகாகக்கூட இருந்தன. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"தெரியல மேடம்."

"தெரியாது. அம்மா ரத்தத்துலயும் இல்ல, அப்பா ரத்தத்துலயும் இல்ல. பிள்ளை உருவாகும்போதே ஒரு ஜீன் பிசகியிருக்கு. யார் தப்பும் இல்ல."

"இது போதும் மேடம்" என்று இன்பராஜ் வார்டுக்கு விரைந்தார். படித்தவர்களுக்கு இந்தப் புத்தி உண்டு. பதில் கிடைத்தால் பாரம் இறங்கிவிடும் என்று நினைப்பார்கள். அவரும் நல்ல சேதி கொண்டுபோவதாகவே நினைத்தார்.

கால் மணி நேரத்தில் திரும்பி வந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"சொன்னீங்களா?"

"சொன்னேன். மாமியார் வாயை அடைச்சேன். செண்பகவல்லி மட்டும் என் முகத்தையே பார்த்துச்சு. 'என் தப்புன்னா ஒரு பரிகாரம் இருந்திருக்கும் டாக்டர். மண்சோறு தின்னிருப்பேன், பூக்குழி இறங்கியிருப்பேன். யார் தப்பும் இல்லன்னா நான் எதைச் செய்ய?'ன்னு கேட்டுச்சு. அவ கையில மிச்சம் இருந்த ஒண்ணையும் நான் பிடுங்கிட்டேன் மேடம்."

மங்கையர்க்கரசி ஸ்லைடை எடுத்து உறையில் வைத்தார்.

"குழந்தைக்கு இடது கண் இருக்கில்ல?"

"இருக்கு. ஆனா பிசகு பிள்ளை ரத்தத்துலயே இருக்கே. அதுலயும் எப்ப வேணும்னாலும் வரலாம்."

"மூணு வாரத்துக்கு ஒருதடவை தூக்கிட்டு வரச் சொல்லுங்க. மயக்கம் கொடுத்து அந்தக் கண்ணைப் பாருங்க. பரிகாரம்தானே கேட்டாங்க? அதுதான்."

இன்பராஜ் கதவுவரை போய் நின்றார்.

"அந்தக் கண்ணும் போயிட்டா?"

"அப்பவும் தூக்கிட்டு வரச் சொல்லுங்க. பிள்ளை இருக்கில்ல?"