வாக்கு வாங்கிக் கொடுத்த குட்டிகள்

என் மகளைத் தலைப்பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த ஆவணி மாதம், பக்கத்துக் கட்டிலுக்குத் துணையிருந்த சங்கரவடிவு அக்காதான் இதை எனக்கு முதலில் சொன்னாள். சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. பிள்ளைகளுக்கு வலி வருமா வருமா என்று இரண்டு பேரும் சாமியைக் கும்பிட்டபடி உட்கார்ந்திருந்த பகல் அது. அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

அவள் ஊருக்கு வெளியே ஒரு சின்ன மடம். அதை நடத்தி வந்தவர் உலகம்மை என்கிற துறவி. வயது நாற்பத்தைந்துதான் இருக்கும். அவருக்கு ஒரு சீடர், கோமதிநாயகம். லாரி ஓட்டி ஓய்ந்தவர், அறுபதைத் தாண்டியவர். கோமதிநாயகம் துறவியை அம்மா என்பார். உலகம்மை சீடரை அண்ணாச்சி என்பார்.

மடத்தில் மைனா என்று ஒரு பெட்டை நாய் இருந்தது. வேட்டைக்கும் காவலுக்கும் பேர் போன கன்னி ஜாதி. அதற்குச் சோறு வைப்பது, குளிப்பாட்டுவது, பிரசவம் பார்ப்பது எல்லாம் கோமதிநாயகம்தான். மைனாவின் குட்டிகளை மடத்தில் விற்பதில்லை. கேட்டு வருகிறவர் கையில் தண்ணீர் வார்த்து, நன்றாக வளர்ப்பேன் என்று வாக்கு வாங்கிக்கொண்டுதான் கொடுப்பார்கள். அந்த விஷயத்தில் கோமதிநாயகம் ரொம்பக் கறார்.

போன ஈற்றில் ஏழு குட்டிகள். நாற்பதாம் நாள் ஏழும் ஏழு வீட்டுக்குப் போயின. பத்து நாளைக்குள் ஏழும் செத்துப்போயின. வாந்தி, ரத்தமாகக் கழிச்சல்.

ஆடு வளர்க்கிற ஆவுடைத்தங்கம் மட்டும் செத்த குட்டியை முந்தானையில் சுற்றி மடத்துக்கு எடுத்து வந்தாள்.

"நான் குடிக்காம அதுக்குப் பால் ஊத்தினேன் அண்ணாச்சி. நாலு நாளா மடியை விட்டு இறக்கலை."

கோமதிநாயகம் குட்டியைத் தொட்டுப் பார்த்தார்.

"கையில தண்ணி வாங்கிட்டுப் போனியே. வாக்குத் தவறிட்ட."

அவள் குட்டியை மறுபடி சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவரும் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

ஏழு மாதம் கழித்து மைனா பருவத்துக்கு வந்தது. கயத்தாறு வேல்ச்சாமி தன் ஆண் நாயை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினான்.

"அண்ணாச்சி, மாப்பிள்ளை வந்தாச்சு! பொண்ணை அழைச்சிட்டு வாங்க. இன்னும் என்ன, பந்தக்கால் நடணுமா?"

கோமதிநாயகம் சிரித்துக்கொண்டே மைனாவின் கயிற்றை அவிழ்த்தார். அப்போது உலகம்மை வெளியே வந்தார்.

"அண்ணாச்சி, போன மாசம் முகாமுக்கு வந்த மாட்டு டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்கா?"

"இருக்கு அம்மா. சேர்க்கிறதுக்கு முன்னாலயே தாய்க்கு அந்தக் கழிச்சலுக்குத் தடுப்பூசி போட்டிருக்கணும்னாரு. செத்தது குட்டி. ஊசியைக் குட்டிக்குல்லா போடணும்? இன்னும் உண்டாகவே இல்லாத குட்டிக்காக இவ உடம்புல குத்தி என்ன செய்ய?"

"இவ உடம்புல இருந்தாத்தானே சீம்பால்ல இறங்கும்? குட்டிக்கு ஊசி போடுற வயசு வர்ற வரைக்கும் அதுதான் காவல்னு சொன்னாரே."

"ஊசி போட்டா மலடாப் போயிரும்னு ஊர்ல சொல்லுதாங்க."

வேல்ச்சாமி இடையில் புகுந்தான். "எங்க வீட்டுல எங்க தாத்தா காலத்துல இருந்து ஊசியே கிடையாது, சாமி."

"உங்க வீட்டுல போன ஈத்துல எத்தனை குட்டி தங்கிச்சு தம்பி?" என்று கேட்டார் உலகம்மை.

வேல்ச்சாமி ஆட்டோவின் டயரைப் பார்த்தான்.

"இந்தத் தடவை விட்டிருவோம் அண்ணாச்சி. சினை பிடிச்சப்புறம் இந்த ஊசி போடக்கூடாதாம். இப்ப போட்டுட்டு அடுத்த பருவத்துக்குப் பார்ப்போம்" என்றார் உலகம்மை.

"இவளுக்கு அஞ்சு வயசு முடியுது அம்மா. இன்னும் ஆறேழு மாசம். அதுக்கப்புறம் சினை நிக்குமோ நிக்காதோ, யாரு கண்டா? மைனா வம்சம் இவளோட முடிஞ்சிரும்." அவர் மைனாவின் தலையைத் தடவினார். "அந்த ஏழும் போனதுல இருந்து இவ தினம் குட்டிங்க கிடந்த சாக்கை மோந்து பார்த்துட்டு வந்து படுக்கா. என்னால பார்க்க முடியலை."

உலகம்மை உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். கோமதிநாயகத்துக்கு எதிரே தரையில் உட்கார்ந்து வலது கையை நீட்டினார்.

"எனக்கு ஒரு குட்டி வேணும் அண்ணாச்சி."

"இது என்ன விளையாட்டு அம்மா?"

"வாக்கு வாங்குங்க."

வேறு வழியில்லாமல் கோமதிநாயகம் தண்ணீர் வார்த்தார்.

"பட்டினி போடக்கூடாது."

"போட மாட்டேன்."

"வெயில்ல கட்டக்கூடாது."

"கட்ட மாட்டேன்."

"அடுத்த கைக்கு மாத்தக்கூடாது."

"மாத்த மாட்டேன்."

உலகம்மை செம்பைத் தன் கையில் வாங்கிக்கொண்டார்.

"இப்ப நீங்க நீட்டுங்க."

"நான் எதுக்கு அம்மா? நான் கொடுக்கிறவன்."

"கொடுக்கிறவருக்கு வாக்கு கிடையாதா?"

அவர் தயங்கித் தயங்கி நீட்டினார். தண்ணீர் விழுந்தது. உலகம்மை எதுவும் கேட்கவில்லை. அவரே சொல்லட்டும் என்று காத்திருந்தார்.

தண்ணீர் விரல் இடுக்கில் வழிந்து மண்ணில் இறங்கிவிட்டது. மைனா வந்து அவர் கையை நக்கியது.

"அன்னைக்கு ஆவுடை..." என்றார் கோமதிநாயகம்.

"அன்னைக்கு இந்த ஊசி விஷயம் எனக்கும் தெரியாது அண்ணாச்சி."

"அவ வாக்குத் தவறலையே அம்மா."

வேல்ச்சாமி தன் நாயைத் தூக்கி ஆட்டோவில் வைத்தான். "ஏறுடா மாப்பிள்ளை. முகூர்த்தம் தள்ளிப்போச்சு."

"வரும்போது அவனுக்கும் ஊசி போட்டுக் கூட்டிட்டு வா" என்றார் கோமதிநாயகம். திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

மைனாவுக்குச் சூடு அடங்க மூன்று வாரம் ஆனது. டாக்டர் வரச்சொன்ன அன்று காலையில் கோமதிநாயகம் வேட்டியை மடித்துக் கட்டி, மைனாவைப் பிடித்துக்கொண்டு புறப்பட்டார். வாசலில் நின்றார்.

"நான் மெயின் ரோட்டு வழியாப் போயிருதேன் அம்மா."

"ரெண்டு மைல் சுத்து ஆச்சே. ஓடைப் பாதை பக்கம்லா?"

"ஓடைப் பாதையிலதான் ஆவுடை வீடு இருக்கு."

"ஆமா."

மைனா ஓடைப் பக்கமாகக் கயிற்றை இழுத்தது. அவர் இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அவ முகத்தைப் பார்த்து நான் என்னத்தைச் சொல்லுவேன் அம்மா?"

"நாயைக் கூட்டிட்டு எங்க போறீங்கன்னு அவளே கேப்பா, அண்ணாச்சி. அதுக்குப் பதில் சொன்னாப் போதும்."

சங்கரவடிவு அக்கா இவ்வளவுதான் சொன்னாள். என்னிடமும் அவள் ஒன்று கேட்டாள், அதையே உங்களிடம் கேட்கிறேன். உங்கள் தெருவில் யாராவது பெட்டை நாய் வளர்த்தால், எனக்கு ஒரு குட்டி தருவீர்களா என்று கேட்பதற்கு முன்னால், தாய்க்கு ஊசி போட்டாச்சா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.