ஒன்பது ஆண்டுகள் ‘விளங்கவில்லை’ என்றவர்

மலைக்காற்றும் எட்டாத, கடலின் ஈரமும் எட்டாத செம்மண் பூமியில் ஆறுதல்விளை என்னும் சிற்றூர் இருந்தது. அவ்வூரில் கொம்பையா என்பவர் வாழ்ந்து வந்தார். கிணறுகளில் தூர் வாருவது அவருடைய தொழில். கோடையில் நீர் வற்றியதும் கயிற்றைப் பற்றி உள்ளே இறங்குவார். அடியில் படிந்த சேற்றையும், அழுகிய ஓலையையும், எப்போதோ விழுந்து செத்த ஓணானையும் இரும்புச் சட்டியில் அள்ளி மேலே அனுப்புவார். மாலையில் கரையேறும்போது கண்ணையும் பல்லையும் தவிர அவரிடம் வெண்மையாக எதுவும் இராது.

இறங்குவதற்கு முன் எரிகின்ற விளக்கு ஒன்றை வாளியில் வைத்து அடிவரை இறக்கிப் பார்ப்பது அத்தொழிலின் வழக்கம். சுடர் நின்று எரிந்தால் ஆள் இறங்கலாம். அணைந்தால் அடியில் விஷக்காற்று நிற்கிறது என்று பொருள். விளக்கு எரிந்தபடியே மேலே வந்த பின்னும் கொம்பையா உடனே இறங்கமாட்டார். கண்களை மூடி, நாள்தோறும் ஒரே ஜெபத்தைச் சொல்வார்.

“ஆண்டவரே, இன்னைக்கு என்னை எடுத்துக்கிடாதேயும். எனக்கு இன்னும் விளங்கல.”

மேலே நின்று கயிறு பிடிக்கும் பிச்சைக்கண்ணுவுக்கு அது வேடிக்கை.

“சீக்கிரம் எறங்கும்வே. நீரு ஜெபம் முடிக்கதுக்குள்ள மழை பேஞ்சு கிணறு நெறைஞ்சிரும்.”

“நெறைஞ்சா நல்லதுதானவே. நான் எறங்க வேண்டாம்லா?” என்பார் கொம்பையா. சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் கயிற்றைப் பற்றிய விரல்கள் வெளுத்திருக்கும்.

அந்த அச்சத்துக்குக் காரணம் இருந்தது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஒருநாள், வேலை முடிக்கும் அவசரத்தில், விளக்கை இறக்கிப் பாராமலே அவர் கிணற்றுக்குள் இறங்கினார். அடியை எட்டியதும் மயங்கிச் சரிந்தார். அதைக் கண்ட அவர் தம்பி மூக்காண்டி மூச்சை அடக்கிக்கொண்டு குதித்தார், அண்ணன் இடுப்பில் கயிற்றைக் கட்டினார், “இழுங்கடே!” என்று கத்தினார். அந்த ஒரு கத்தலுக்கு வாயைத் திறந்ததில் விஷக்காற்று அவருக்குள் புகுந்துவிட்டது. அண்ணன் உயிரோடு மேலே வந்தார். தம்பியைப் பிணமாகத்தான் எடுத்தார்கள். அன்று முதல் கொம்பையா தம்பி மனைவியின் வீடு இருந்த தெருவில் நடக்கவில்லை. அவளுடைய முகம் எதிர்ப்படும் என்று அஞ்சி, ஊரையே சுற்றிக்கொண்டு போனார்.

துக்கம் விசாரிக்க வந்தவர்களுள் உபதேசியார் ஞானாபரணமும் ஒருவர். அவ்வூர்த் திருச்சபையில் பிரசங்கம் செய்பவர், பாளையங்கோட்டையில் வேதம் கற்றுத் தேர்ந்தவர், ஆறு பெட்டி நிறையப் புத்தகம் வைத்திருப்பவர். “மற்றவனுக்காகத் தம் உயிரையே கொடுத்தவர் ஒருவர் உண்டு, கொம்பையா” என்று அவர் சொன்னபோது கொம்பையா திடுக்கிட்டு நிமிர்ந்தார். அடுத்த ஞாயிறே ஆலயத்துக்கு வந்து வாசலோரம் அமர்ந்தார். அதன்பின் ஒரு ஞாயிறும் அவர் வராமல் இருந்ததில்லை. சனிக்கிழமை தோறும் ஆலயத்தைக் கூட்டி, பாய்களை உதறி விரிப்பதையும் தாமாகவே மேற்கொண்டார்.

ஆயினும் ஞானஸ்நானம் மட்டும் அவருக்குக் கிட்டவில்லை. அதை விரும்புவோரை ஆண்டுக்கொரு முறை குருவானவர் வேதமாணிக்கம் நேரில் வந்து சோதிப்பார். கேள்விகளையும் விடைகளையும் உபதேசியார் முன்னதாகவே கற்பித்திருப்பார். கொம்பையாவுக்கு எழுத்து தெரியாது. ஆனால் மண் அள்ளும்போது சட்டிக்கு ஒரு விடையாகச் சொல்லிச் சொல்லி அத்தனையும் அவருக்கு மனப்பாடம்.

“ஆண்டவர் யாருக்காக மரித்தார்?” என்று குருவானவர் கேட்பார்.

“பாவியாகிய எனக்காக, எனக்குப் பதிலாக மரித்தார்.”

“இது உமக்கு விளங்குகிறதா?”

மற்றவர்கள் எல்லாரும் இதற்கு “ஆம்” என்று சொல்லித் தலையில் நீர் பெற்றுப் போய்விடுவார்கள். கொம்பையாவோ, “விளங்கல ஐயா” என்பார்.

ஓர் ஆண்டு வெளியே வந்ததும் உபதேசியார் தம் பொறுமையை இழந்தார். “என்னவே இது! ‘ஆமா’ன்னு ஒரு சொல்லு. அதைச் சொன்னா உம்ம வாயில முள்ளா குத்துது?”

“பொய் சொல்லிட்டு அந்தத் தண்ணிய எப்படி ஐயா வாங்க?”

இவ்வாறு எட்டு முறை நடந்தது. ஊரில் அவருக்கு ‘விளங்கல கொம்பையா’ என்றே பெயர் விழுந்தது. ஏளனத்தை அவர் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது ஒன்றே ஒன்று: விளங்காமலே ஒருநாள் மண்ணுக்குள் போய்விடுவோமோ என்னும் திகில். ஒவ்வொரு கிணற்றின் வாயும் அவரைப் பார்த்து அதையே கேட்டது.

ஒன்பதாம் ஆண்டின் சோதனை நெருங்கியபோது உபதேசியார் ஒரு முடிவுக்கு வந்தார். எளியவனுக்கு எளிய உவமானம் வேண்டும். அது கொம்பையாவின் வீட்டிலேயே இருக்கிறதே! ஞாயிறு பிரசங்கத்தில் அவர் குரலை உயர்த்திக் கேட்டார்: “நம்ம கொம்பையாவைப் பாருங்க. இவர் செய்த தப்புக்கு யார் செத்தது? மூக்காண்டி செத்தான்! இவருக்குப் பதிலா செத்தான்! ஆண்டவர் நமக்குச் செய்ததும் அதுதான். இது கூடவா விளங்காது?”

சபையார் அனைவரும் திரும்பி வாசலோரம் பார்த்தனர். கொம்பையா பாயைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வெளியே போய்ச் சுவரோரம் குந்தினார். ஆராதனை முடிந்து உபதேசியார் ஆவலோடு அவரிடம் வந்தார்.

“இப்பவாவது விளங்குச்சா?”

“ஐயா, ஒரு சாவையே என்னால சுமக்க முடியல. இன்னொண்ணையும் ஏன் எந்தலையில ஏத்துதீய? எனக்காக ஒருத்தரு செத்தாருன்னா, அவரு மொகத்துல நான் எப்படி முழிப்பேன்?”

உபதேசியார் வீட்டுக்குப் போய் மூன்று புத்தகங்களைப் புரட்டினார். மறுநாள் வந்து, தம்பியின் சாவுக்கும் ஆண்டவரின் மரணத்துக்கும் உள்ள வேற்றுமைகளை வரிசையாக எடுத்துரைத்தார். கொம்பையா ஒவ்வொன்றையும் கவனமாகக் கேட்டார். ஒன்றும் நடக்கவில்லை. “இதுக்கு மேல நான் எந்த உவமானத்தைத் தேட?” என்று உபதேசியார் சோர்ந்து போனார். கொம்பையாவுக்கோ அச்சம் இரட்டித்தது. அதுவரை ஒரு தெருவைத்தான் சுற்றிப்போனார். இனி வானத்தின் கீழ் எந்த வழியாகப் போய் ஆண்டவரின் முகத்துக்குத் தப்புவது?

அந்த வாரமே ஊருக்கு வடக்கே ஒரு பழங்கிணற்றைத் தூர் வார அழைத்தார்கள். விளக்கு நன்றாக எரிந்தது. கொம்பையா தம் ஜெபத்தைச் சொல்லி இறங்கினார். முப்பது சட்டி மண் மேலே போயிருக்கும். திடீரென்று அவர் முதுகுக்குப் பின்னால், யாரோ அரிசியைக் கொட்டுவதுபோல் மெல்லிய ஓசை எழுந்தது. திரும்புவதற்குள் பக்கச்சுவரின் செங்கற்கள் பெயர்ந்து, அவற்றின் பின்னிருந்த மணல் அருவியாகப் பாய்ந்தது. ஓசை நின்றபோது அவர் மார்புவரை புதைந்திருந்தார். இடக்காலில் எலும்பு முறிந்திருந்தது. ஒரு கை மட்டுமே வெளியே இருந்தது.

“ஏ கொம்பையா! இருக்கேரா?”

“இருக்கேன்!”

“அசையாதேயும்! அசைஞ்சா மிச்சமும் விழுந்துரும்!”

மேலே ஆட்கள் கூடினர். பக்கத்தில் வேறொரு குழி தோண்டி அதன் வழியாகத்தான் அவரை எடுக்க முடியும், மாலை ஆகும் என்று பேசிக்கொண்டது கீழே கேட்டது. பிறகு பிச்சைக்கண்ணுவின் குரல் எல்லாவற்றுக்கும் மேலாக எழுந்தது. எந்நாளும் கேலி பேசிய அந்தக் குரல் இப்போது அழுதது. “சாயங்காலம் வரைக்கும் மனுசன் தாங்குவானாவே? கயித்தப் பிடிங்க, நான் எறங்குதேன்!”

மணலுக்குள் இருந்தவர், உள்ள மூச்சையெல்லாம் கூட்டி அலறினார்: “எறங்காத! எனக்காக எவனும் எறங்கப்படாது!”

பிச்சைக்கண்ணுவை மற்றவர்கள் பிடித்து நிறுத்தினர். மேலிருந்து மண் உதிராதபடி கிணற்றின் வாயில் பலகைகளைப் பரப்பினர். நண்பகலில் கொம்பையாவின் மேல் இருள் கவிந்தது.

அந்த இருளில் அவர் தம் ஜெபத்தைச் சொல்லப் பார்த்தார், நாக்கு எழவில்லை. கற்ற விடைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தார்; அவை வெறும் சட்டிகளாக மேலே போய் வெறுமையாகவே திரும்பின. தம்பியின் உவமானத்தை நினைத்தார். மார்பின்மேல் மணல் இன்னும் இறுகியதுதான் மிச்சம். மணல் சிறுகச் சிறுக உதிரும் ஓசையைக் கேட்டுக்கொண்டு, கேட்பதற்கும் நினைப்பதற்கும் ஏதுமின்றி, அஞ்சுவதைத் தவிர வேறொன்றும் அறியாதவராக அவர் இருந்தார்.

அப்போதுதான் அது நிகழ்ந்தது. வானத்தில் குரல் எழவில்லை. கிணற்றில் ஒளி பரவவில்லை. ‘உனக்காக’ என்னும் சொல் மட்டும் வந்தது. எட்டு ஆண்டுகள் குருவானவர் முன் ‘எனக்காக’ என்று அவர் ஒப்பித்த அதே விடையின் சொல்தான். ஆனால் இம்முறை அதை அவர் சொல்லவில்லை. அது அவருக்குச் சொல்லப்பட்டது. சொன்னவர் மேலே, கரையில் நிற்கவில்லை, அருகில் இருந்தார். எந்த முகத்துக்கு அஞ்சி ஒளிந்தாரோ அந்த முகம் தம்மை நோக்குவதைக் கண்ணால் காணாமலே கொம்பையா அறிந்தார். அதில் குற்றச்சாட்டு இல்லை. மாலைவரை அவர் அழுதுகொண்டே இருந்தார். பக்கத்துக் குழியைத் தோண்டியவர்கள் அது வலியின் அழுகை என்று எண்ணி, இன்னும் விரைந்து தோண்டினார்கள்.

மூன்று வாரங்களுக்குப் பின் சோதனை நாள் வந்தது. முறிந்த காலில் கட்டுடன் கொம்பையாவைக் கட்டிலோடு தூக்கி வந்து ஆலயத்தில் வைத்தனர்.

“ஆண்டவர் யாருக்காக மரித்தார்?” என்றார் குருவானவர்.

“பாவியாகிய எனக்காக, எனக்குப் பதிலாக மரித்தார்.”

“இது உமக்கு விளங்குகிறதா?”

“விளங்குது ஐயா.”

உபதேசியாருக்கு மகிழ்ச்சி தாளவில்லை. “அந்த உவமானம்தானவே? மூக்காண்டியைப் பத்தி நான் சொன்னேனே, அதுதானே?”

“இல்ல ஐயா. நீங்க சொல்லித்தந்த பதிலுதான். ஒரு எழுத்து கூடல, குறையல.” கொம்பையா, உபதேசியாரின் மனம் நோகுமோ என்று அஞ்சியவராய்த் தாழ்ந்த குரலில் தொடர்ந்தார். “ஆனா, அன்னைக்கு எனக்குச் சொன்னது நீங்க இல்ல.”

குருவானவர் கட்டிலருகே குனிந்தார். “இப்போது பயம் போய்விட்டதா?”

“கிணத்துக்கு இன்னும் பயந்தான் ஐயா. அவரு மொகத்துக்குப் பயம் இல்ல. எனக்காக எவனும் எறங்கப்படாதுன்னு நான் கத்துனேன். அவரு எனக்கு முன்னமே எறங்கியிருந்தாரு.”

உபதேசியாரின் முகம் வெளிறிற்று. இருபது ஆண்டுகளாகத் தாம் விளக்கி வந்ததைத் தமக்கு யாரேனும் என்றேனும் சொன்னதுண்டா என்று அவர் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுந்தது. கிணற்றில் இறங்குபவனின் அச்சம் எத்தகையது என்பதை அவர் வாழ்நாளில் முதன்முறையாக உணர்ந்தார். ஆறு பெட்டிப் புத்தகங்களுக்கு உரியவர், சபையார் பார்த்திருக்க, கட்டிலருகே முழந்தாளிட்டார்.

“கொம்பையா, எனக்காக ஜெபம் பண்ணும்.”

“நானா ஐயா? எனக்கு என்ன தெரியும்?”

“அதனாலதான் கேக்கேன்.”

கொம்பையா வெடித்துக் காய்த்த தம் கையை அவர் தோளின்மேல் வைத்தார்.

அன்றே குருவானவர் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். மனிதர் எவரும் கற்பிக்காமல் பரம பிதாவே உணர்த்தியதாக எந்தச் சீடரை ஆண்டவர் பாராட்டினாரோ, அந்தப் பேதுருவின் பெயரையே அவருக்கு இட்டார். மறுநாள் பேதுரு கொம்பையா கால் வலியையும் பொருட்படுத்தாமல் இரு கோல்களை ஊன்றி, ஒன்பது ஆண்டுகள் சுற்றிப்போன தெருவுக்குள் நடந்து, தம்பி மனைவியின் வாசலில் போய் நின்றார் என்பர்.

அறியாததை அறிந்ததாகச் சொல்ல அஞ்சிய அந்த அச்சமே அவருடைய பக்தி. அவ்வச்சத்தைக் கண்டு இரங்கியவரின் அருள் இதைக் கற்போர் உள்ளங்களையும் திறப்பதாக. எளியவராகிய கொம்பையாவின் நினைவு வாழ்க!