ராஜாவின் ஒன்பது ஜோடிச் செருப்பு

ரொம்பக் காலத்துக்கு முன்னால் குறும்பாறை நாட்டை ஏகவீரன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். சொல்லாமல் கொள்ளாமல் ஓர் ஊருக்குப் போய் அதிகாரிகளைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று அவனுக்குத் தீராத ஆசை. ஆனால் எந்த ஊருக்குப் போனாலும் வாழைமரமும் தோரணமும் மேளமும் காத்துக்கொண்டு நிற்கும்.

போகும் ஊர் எது என்பது ராஜாவுக்கும், உத்தரவு ஓலை எழுதும் சொக்கேசனுக்கும் மட்டும்தான் தெரியும்.

"பிறகென்ன மகாராஜா! ஓலைக்காரன்தான் உளறுகிறான். நாக்கை அறுத்துவிடலாம்" என்றார் அரண்மனை அதிகாரி வக்கணைராயர். சொக்கேசனைக் கண்டாலே அவருக்கு வயிற்றெரிச்சல்.

சொக்கேசனோ, "இரண்டு நாள் பொறுங்கள் மகாராஜா. சேதி போன வழியைக் காட்டுகிறேன்" என்றான்.

சபைத் தரையில் சுண்ணாம்பால் படம் போட்டான். ஆளுக்கு வட்டம், பொருளுக்குச் சதுரம். சேதி போகும் பக்கமெல்லாம் அம்புக்குறி.

"பொருளுக்கு வாயா இருக்கிறது?" என்று ராயர் சிரித்தார்.

"வாய் வேண்டாம் ஐயா. ஒருவர் அதில் சேதியை விட்டுவிட்டுப் போகிறார், இன்னொருவர் பார்த்து எடுத்துக்கொள்கிறார்."

பிறகு ராஜாவின் காதோடு, "ஊர் முடிவானதும் எதைத் தொடுவீர்கள்?" என்று கேட்டான்.

"செருப்பை. ஒன்பது ஊரும் காணிக்கையாக ஒவ்வொரு ஜோடி தந்திருக்கிறது. போகிற ஊர்ச் செருப்பை முதல் நாளே போட்டுப் பழகுவேன். வார்த் தையல்தான் வேறு வேறு. அதை யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள்?"

சொக்கேசனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சபையில் எல்லோரும் நின்றபடிதான் கும்பிடுவார்கள். நெடுஞ்சாண்கிடையாக விழுகிறவர் ஒரே ஒருவர். அவன் ராஜாவிடம் மெல்ல ஒரு யோசனை சொன்னான்.

மறுநாள் ராஜா மணல்மேட்டுச் செருப்போடு வந்தான். ராயர் வழக்கத்தைவிட அதிக பக்தியோடு விழுந்தார். அதற்கடுத்த நாள் ராஜா போனதோ ஆலங்குளத்துக்கு. அங்கே களஞ்சியக் காவலன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான், ஜனங்கள் சேற்றுத் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தார்கள். மணல்மேட்டிலோ மேளக்காரர்கள் வெயிலில் காய்ந்து கிடந்தார்களாம்.

சபையில் சொக்கேசன் செருப்புச் சதுரத்திலிருந்து ராயரின் வட்டத்துக்குக் கடைசி அம்பைப் போட்டான்.

"ராயரே, இனிமேல் என்னைக் கும்பிடும்போது கூரையைப் பார்த்துக் கும்பிடும்! சொக்கேசா, இன்று முதல் நீதான் மந்திரி. ஆமாம், முதல் அம்பு யாரிடமிருந்து கிளம்புகிறது?"

"தங்களிடமிருந்துதான், மகாராஜா."

ராஜாவின் முகம் தொங்கிப்போயிற்று. அன்றே செருப்புகளையெல்லாம் தானம் செய்துவிட்டான். அடுத்த மாதம் முள் குத்தக் குத்த வெறுங்காலோடு கிளம்பினான். எந்த ஊர் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அதனால், பாவம், ஒன்பது ஊர் அதிகாரிகளும் தினமும் வேலை செய்யவேண்டியதாயிற்று.