டீ மாஸ்டர் ஊத்தின மூணு அடுக்கு

ஒரு ஊர்ல ஒரு டீ மாஸ்டர் இருந்தாரு. பேரு ஆண்டிச்சாமி. காலை நீட்டிப் படு கண்ணு, ம் கொட்டிக்கிட்டே வா. அந்த ஆண்டிச்சாமி டீ ஆத்துனா, பஸ்ஸுக்கு நிக்கிற சனமெல்லாம் பஸ்ஸ விட்டுட்டு வேடிக்கை பார்க்கும். வலது கை தலைக்கு மேல போகும், இடது கை இடுப்புக்குக் கீழ எறங்கும், நடுவுல டீ சொர்ர்ர்ருன்னு நாடா மாதிரி நீண்டு விழும். ஒரு சொட்டு சிந்தாது.

ம்.

அவருக்கு ஒரே மக. பவுனுத்தாயி. உன்னைவிட ஒரு வயசு மூத்தவ. அவளுக்கு டைபாய்டு காய்ச்சல் வந்து, மாத்திரை போட்டு, காய்ச்சல் என்னமோ எறங்கிருச்சு. ஆனா வாய் கசந்து போச்சு. கஞ்சி குடுத்தா த்தூ. பால் குடுத்தா த்தூ. இட்லியக் கண்டாலே வாயைப் பொத்திக்குவா. மூணு நாளா தண்ணிகூட ரெண்டு மடக்குதான். கையும் காலும் முருங்கக்காயா ஆயிருச்சு. அன்னைக்குக் காலையில பார்த்த டாக்டரம்மா கண்டிசனாச் சொல்லிட்டாக. "சாயங்காலத்துக்குள்ள ஒரு டம்ளராவது உள்ள போகணும். பழச்சாறு எதுன்னாலும் குடுங்க. போகலைன்னா ஆஸ்பத்திரியில சேர்த்து, ஊசி குத்தி குளுக்கோஸ் ஏத்த வேண்டியதுதான்."

ஊசின்னு காதுல விழுந்ததும் பவுனு போர்வைக்குள்ள போயிட்டா.

அவ அம்மா குருவம்மா போர்வை ஓரத்துல உக்காந்து கெஞ்சுனா. "ஏத்தா, எதுதான் குடிப்ப? வாயைத் தொறந்து சொல்லு."

போர்வைக்குள்ள இருந்து பொடிசா ஒரு குரல் வந்துச்சு. "மண்டபத்துல கலர் கலரா நின்னுச்சுல்ல, அந்த ஜூஸு."

அது என்னன்னா, போன மாசம் அவ சித்தி கல்யாணத்துல ஒரு ஜூஸு குடுத்தாக. கண்ணாடி டம்ளர்ல அடியில செவப்பு, நடுவுல ஆரஞ்சு, மேல வெள்ளை. ஒன்னு மேல ஒன்னு நிக்கும், ஒன்னோட ஒன்னு சேராது. மாக்டெயிலுன்னு பேராம் அதுக்கு. பவுனு வரிசையில நின்னு நின்னு, அவ முறை வரும்போது தீந்து போச்சு.

"சீக்குல கெடக்கிறவ கேக்குறதப் பாரு!"ன்னு குருவம்மா தலையில அடிச்சுக்கிட்டா.

ஆண்டிச்சாமி துண்ட உதறித் தோள்ல போட்டாரு. "விடு புள்ள. வாயைத் தொறந்து ஒன்னு கேட்டுட்டா. எந்திரிச்சு உக்காரு தாயி, இன்னைக்கு நீ அதைத்தான் குடிக்கப் போற."

அப்புறம் கடைக்குப் போகல. நேரா சந்தைக்குப் போயி மாதுளை, கமலா ஆரஞ்சு, எளநி, ஒரு கட்டு ஸ்ட்ரா எல்லாம் வாங்கிட்டு வந்தாரு. குருவம்மா மாதுளைய உதுத்தா, பொலபொலபொல. ஆரஞ்சைப் பிழிஞ்சா, சளக் சளக். துணியில வடிகட்டி, மூணையும் மூணு சொம்புல வச்சாச்சு. ஆண்டிச்சாமி மூணுலயும் ரெண்டு ரெண்டு கரண்டி சக்கரை போட்டாரு. கடைப் பழக்கம், யாருக்கும் ஓரவஞ்சனை இல்லாம ஒரே அளவு.

சொம்ப எடுத்தாரு. எடுத்ததுதான் தெரியும், கை தானா தலைக்கு மேல போயிருச்சு.

சொர்ர்ர்ர்ர்!

"யோவ் யோவ் யோவ்!"னு கத்துறா குருவம்மா. எங்க கேக்க? செவப்பு மேல ஆரஞ்சு வந்து விழுந்து, அது மேல எளநி வந்து விழுந்து, டம்ளர் முழுக்க நுரை. நுரை அடங்குனதும் பார்த்தா, செங்கல்லக் கரைச்சு வச்ச மாதிரி ஒரே நெறம்.

பவுனு எட்டிப் பார்த்தா. "இது அது இல்லப்பா." சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா.

ம் சொல்லு.

"ம். அவங்கப்பா திட்டுனாரா?"

திட்டல. சொம்பக் கழுவுனாரு. "இந்தக் கை டீக்கடைக் கை, அதான் எடுத்ததும் மேல போகுது. இன்னொரு தடவை ஊத்துவோம்"னாரு.

"உன் கைய நம்ப மாட்டேன்"னா குருவம்மா. அவரு தோள்ல கெடந்த துண்டையே உருவி, வலது முழங்கைய இடுப்போட சேர்த்து வச்சு, ரெண்டு சுத்து சுத்தி இறுக்கி முடிச்சுப் போட்டுட்டா. "இப்ப தூக்கு பார்ப்போம்!"

"அடியே, திருடனைக் கட்டுற மாதிரி கட்டுறியே."

"கரண்டியக் கவுத்துப் பிடிச்சிருக்கேன். அது முதுகு மேல விடு. வழிஞ்சு எறங்கட்டும். வேகமா விட்ட, கொன்னுபுடுவேன்."

போர்வைக்குள்ள இருந்து க்ளுக்குன்னு ஒரு சிரிப்பு. மூணு நாளைக்கப்புறம் சிரிச்சா அவ. ரெண்டு பேருக்கும் கேட்டுச்சு, ஆனா கேக்காத மாதிரியே இருந்துக்கிட்டாக.

அப்புறம் விட்டாரு. சொட்டு... சொட்டு... சொட்டு... கட்டுன கை, ஒரு அங்குலம் மேல போகல. செவப்பு மேல ஆரஞ்சு ஏறி உக்காந்துச்சு. அது மேல எளநி. அடடா, நின்னுச்சு! பவுனுகூட தலையத் தூக்கிப் பார்த்தா. ஆனா ஒரு மூச்சு விடுற நேரந்தான். அடியில இருந்து செவப்பு புகை மாதிரி நெளிஞ்சு நெளிஞ்சு மேல ஏறுச்சு. மேல இருந்தது கீழ எறங்குச்சு. மொளுக்குன்னு எல்லாம் கலந்து போச்சு.

"நின்னுச்சுப்பா. அப்புறம் ஓடிருச்சு"ன்னா பவுனு. இந்தத் தடவை சுவத்துப் பக்கம் திரும்பல.

மணி மூணு. மிச்சம் ஒரே ஒரு மாதுளை, ரெண்டு ஆரஞ்சு, ஒரு எளநி. குருவம்மாவுக்குக் கண்ணு கலங்கிருச்சு. "ஆட்டோவுக்குச் சொல்லிரலாம்யா. ஆஸ்பத்திரிக்கே போயிருவோம்."

"சாயங்காலம்னுதான் டாக்டரம்மா சொன்னாக. இன்னும் வெயிலு சாயல"ன்னாரு ஆண்டிச்சாமி. தரையில சம்மணம் போட்டு உக்காந்துட்டாரு. அவரு காலையில இருந்து பச்சத்தண்ணி குடிக்கல. அதப் பார்த்து மனசு பொறுக்காம குருவம்மா ஒரு டீ போட்டாந்து முன்னால டொக்குன்னு வச்சா. அவசரத்துல ஆத்தக்கூட இல்ல. பாலையும் சக்கரையையும் கண்ணாடி டம்ளர்ல கலந்து, டிகாசனை மேலாப்புல விட்டுட்டு வந்துட்டா.

ஆண்டிச்சாமி டம்ளரப் பார்க்குறாரு. பார்த்துக்கிட்டே இருக்காரு.

"குடிய்யா, ஆறிப் போகுது."

"ஏ குருவம்மா. இதுல சக்கரை எங்க கெடக்கு?"

"அடியில பால்லதான். கலக்கிக் குடி."

"கலக்க மாட்டேன்! டிகாசன்ல சக்கரை இல்லல்ல?"

"டிகாசன்ல எவ சக்கரை போடுவா?"

"அதான் அது மேல நிக்குது! சக்கரை ஏறுனது கனம், அடியில கெடக்கும். ஏறாதது லேசு, மேல நிக்கும். நான் மூணுக்கும் ஒரே அளவுல போட்டுட்டு, நீ மேல நில்லு, நீ கீழ நில்லுன்னா எது கேக்கும்? இருபது வருசமா இதைத்தான ஆத்திக் கலைச்சுக்கிட்டு இருந்திருக்கேன்!"

டீயக் குடிக்காமலே எந்திரிச்சுட்டாரு. மாதுளைச் சாறுல சக்கரைய அள்ளிப் போட்டு அடுப்புல வச்சாரு. கொத கொத கொதன்னு கொதிச்சு, பாகு மாதிரி எறுகிச்சு. எறக்கி நல்லா ஆற வச்சாச்சு. ஆரஞ்சுல ஒரே ஒரு கரண்டி. எளநியில ஒன்னுமே போடல, வெட்டுன மேனிக்கு அப்படியே.

குருவம்மா துண்ட எடுத்துக்கிட்டு வந்தா. "வேணாம்"னாரு. "இந்தத் தடவை கை நான் சொல்றதக் கேக்கும்."

கேட்டுச்சு கண்ணு. அவரு உதட்டைக் கடிச்சுக்கிட்டு விட்டாரு. செவப்பு அடியில போயி மெத்துனு படுத்துச்சு. அது மேல கரண்டி முதுகு வழியா ஆரஞ்சு. அதுக்கு மேல எளநி, சொட்டு... சொட்டு... ஒரு ஈ பறந்தாக்கூட கேக்கும், அம்புட்டு அமைதி. ஒரு மூச்சு விட்டாரு. நின்னுச்சு. பத்து மூச்சு விட்டாரு. நின்னுச்சு! கோடு போட்ட மாதிரி மூணு அடுக்கு, ஒன்னை ஒன்னு தொட்டுக்கிட்டு, ஒன்னோட ஒன்னு சேராம.

அப்புறம் டம்ளரை ஆட்டாம அசைக்காம, ஒவ்வொரு அடியா எடுத்து வச்சு, மக பக்கத்துல கொண்டுபோனாரு. ஸ்ட்ராவ அடி வரைக்கும் எறக்கி விட்டாரு. பவுனு வாய வச்சா. ஒரு இழுப்பு. செவப்பு ஒரு நூல் கொறைஞ்சுச்சு. இன்னொரு இழுப்பு. செவப்பு பாதியாச்சு.

"கசக்குதா ஆத்தா?"ன்னு குருவம்மா கேக்க வாயெடுத்தா. "பேசாத, குடிக்கட்டும்"னு ஆண்டிச்சாமி கையக் காட்டுனாரு.

செவப்பு தீந்துச்சு. சட்டுனு பவுனு நிறுத்திட்டா. ரெண்டு பேரும் குனிஞ்சு அவ மூஞ்சியப் பார்த்தாக. அவ டம்ளரத் தூக்கி வெளிச்சத்துல பார்த்துட்டு, "அடுத்த கலருக்கு வந்துட்டேன்"னா. மறுபடி வாய வச்சா.

ஆரஞ்சும் தீந்துச்சு. வெள்ளையும் எறங்குச்சு. கடைசியில வெறும் டம்ளர்ல ஸ்ட்ரா உர்ர்ர்ர்ருன்னு சத்தம் போட்டுச்சு.

பவுனு டம்ளரக் கீழ வச்சா. உதட்டை நக்குனா. "அம்மா, பசிக்குது. இட்லி இருக்கா?"

குருவம்மா அழுகிறாளா சிரிக்கிறாளான்னே தெரியல. அடுப்படிக்கு ஓடுன ஓட்டத்துல டமடம டமார்னு ரெண்டு பாத்திரத்தைத் தட்டி விட்டுட்டா. ஆண்டிச்சாமி வெறும் டம்ளரைக் கையில எடுத்தாரு. அம்புட்டு நேரம் அடங்கி நின்ன கை, அப்போதான் தானா தலைக்கு மேல போச்சாம்.

ம்?

...ம்.

அவ வயிறும் நெறஞ்சுச்சு, என் கதையும் தீந்துச்சு. கண்ண மூடிக்க தங்கம்.