வெட்டப்படாத ஆடு

லெனின்கிராடில் ரைசா போரிசோவ்னா என்றொரு படத்தொகுப்பாளர் இருந்தார். அந்த ஸ்டூடியோவின் இயக்குநர்களில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கித்தான் தொழில் கற்றார்கள்.

ராதியோன் அவருடைய சீடன். நாற்பத்தெட்டு வயது, ஐந்து படம் எடுத்தாயிற்று. இன்னும் சீடன்தான்.

சோவியத் காலம். எந்தப் படமும் தணிக்கைக் குழு பார்த்து முத்திரை வைத்த பிறகுதான் வெளியே போகும். குழு என்றால் ஆறு பேர். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் மாதிரி, ஒரு குறையாவது சொல்லாமல் எழுந்துபோனால் அவர்களுக்கு மரியாதையில்லை. அதனால் இயக்குநர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். படத்துக்கு ஒட்டாத அபத்தம் ஒன்றை வேண்டுமென்றே நுழைப்பார்கள். குழு அதை வெட்டிவிட்டு, வேலை செய்த திருப்தியில் மற்றதை விட்டுவிடும்.

ராதியோன் இந்த முறை ஒரு ஆட்டை நுழைத்திருந்தான்.

குழு படம் பார்த்தது. எதையும் வெட்டவில்லை. ஆட்டையும்தான்.

மறுநாள் மத்தியானம், வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. படச்சுருள் டப்பாக்களைச் சுமந்துகொண்டு அவன் தொகுப்பறைக்கு வந்தான்.

"இந்த ஆட்டை எடுத்துக் கொடுங்க, ரைசா போரிசோவ்னா."

"முத்திரை வச்ச படத்துல கை வைக்கவா? உன் வேலையோட என் வேலையும் போகணுமா?"

"ஞாயித்துக்கிழமை அம்மா படம் பார்க்க வர்றாங்க. எண்பத்தோரு வயசு. அவங்க கதைதான் படம். அவங்க பனியில நிக்கிற இடத்துல, ஆடு வந்து அதிகாரியோட குளிர்கோட்டைத் தின்னுது. தியேட்டரே சிரிக்கும். நடுவுல அம்மா உட்கார்ந்திருப்பாங்க."

"குழு என்ன சொல்லிச்சு?"

"ஆரோக்கியமான நகைச்சுவையாம்."

ரைசா சிரிக்கவில்லை. சுருளை வாங்கித் தொகுப்பு மேசையில் மாட்டி ஓட்டினார். சின்னத் திரையில், மூட்டையோடு ஒரு பெண் வரிசையில் நின்றாள். ரைசா நிறுத்தினார்.

"இது எந்த இடம்?"

"ஆஸ்பத்திரி வாசல்."

"உங்கம்மா நின்னது?"

அவன் ஜன்னல் பக்கம் பார்த்தான். "சிறை வாசல். அப்பாவுக்கு ரொட்டி எடுத்துக்கிட்டு, மூணு குளிர்காலம் நின்னாங்க."

"ஆஸ்பத்திரின்னு யார் மாத்தினது?"

"நான்தான். எழுதும்போதே. சிறைன்னா விடுவாங்களா?"

"கேட்டியா?"

"அதைப் போய்க் கேட்பாங்களா யாராவது?"

சுருள் ஓடியது. உள்ளே இருப்பவர்களுக்கான ரொட்டியை வாங்கிக்கொள்ளும் ஜன்னல் மூடிக்கொண்டது. அந்தப் பெண் மூட்டையை இறுகக் கட்டிக்கொண்டு திரும்பி நடந்தாள்.

"அழவேயில்லையே."

"வழியெல்லாம் அழுதாங்க. நான் அதை எடுக்கல. எடுத்தா வெட்டுவாங்க, பிலிம்தான் வீண்."

ரைசா கடைசிச் சுருளை மாட்டினார். திரையில் ஒரு வீட்டுக் கதவு திறந்தது. தோளில் பனியோடு ஒருவன் உள்ளே வந்தான். ஒரு குழந்தை ஓடிப்போய் அவன் காலைக் கட்டிக்கொண்டது.

"உங்கப்பா திரும்பி வந்தாரா?"

"வரல."

ரைசா மோட்டாரை நிறுத்தினார். ராதியோனுக்குப் பொறுக்கவில்லை.

"எல்லாரும் செய்யறதுதானே? மத்ததைக் காப்பாத்தத்தானே அந்த ஆட்டை வச்சேன்?"

"எந்த மத்ததை?"

அவன் டப்பாக்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினான்.

"சரி, அதெல்லாம் இருக்கட்டும்" என்றான் கடைசியில். "ஆட்டையாவது எடுத்துடுங்க. வெட்டுறதுக்குன்னே வச்ச ஆடு அது. அதைப் போய் ஏன் விட்டாங்கன்னுதான் எனக்குப் புரியல."

ரைசா சுருளைக் கழற்றி, டப்பாவில் வைத்து மூடி, அவன் கையில் கொடுத்தார்.

"படத்துல உயிரோட இருந்தது அது ஒண்ணுதான், ராதியோன். அதை வெட்ட அவங்களுக்கே மனசு வரல."