செங்கமலமும் ஆள்காட்டிக் குருவியும்

ஒரு ஊர்ல ஒரு தையக்கார அக்கா இருந்தா. செங்கமலம்னு பேரு. கடலோரத்து ஊரு. ஊரைத் தாண்டினா ஒரே சேறும் தண்ணியும்தான். அங்க வலை போடக் கூடாது, வேட்டு வெடிக்கக் கூடாது. பறவைங்களுக்குன்னே காவல் போட்டு வச்ச எடம். ஐப்பசி மழை விழுந்ததும் எந்தெந்த தேசத்துலேருந்தோ பறவைங்க வந்து எறங்கும். ம் சொல்லு.

ம்.

அதுல பூநாரைன்னு ஒண்ணு. குச்சிக் குச்சியா காலு, பாம்பாட்டம் கழுத்து. றெக்கையை விரிச்சா உள்ளாற செக்கச்செவேல்னு இருக்கும். அந்த ஊர்ல ரொசாரியோ வாத்தியார்னு ஒருத்தர், ஞாயித்துக்கிழமையானா ஆளுங்களைக் கூட்டிக்கிட்டு பறவை பாக்கக் கெளம்பிருவார். ஒரு மார்கழியில செங்கமலமும் போனா. எல்லாரும் கரை மேல நின்னு, பைனாகுலரைக் கண்ணுல ஒட்டிக்கிட்டு "ஆகா, ஓகோ"ங்குறாங்க. இவளும் வாங்கிப் பாத்தா. தண்ணிக்கு அந்தக் கடைசியில ரோஸ் கலர்ல ஒரு கோடு தெரிஞ்சுது.

"இதுக்கா வாத்தியாரே விடியக்காலம் எழுந்து வந்தேன்? இந்தக் கலர் நூலு என் கடையிலயே கெடக்கு. எனக்கு அதோட கண்ணு தெரியணும். மூக்கு தெரியணும். கிட்டக்க பாக்கணும்!"

"அதுக்குப் பொறுமை வேணும், செங்கமலம்."

"இருந்த பொறுமையெல்லாம் என் மாமியார்கிட்டயே செலவாயிருச்சு"ன்னு சொல்லிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கிட்டு, கரை மேல சரசரன்னு நடந்தா.

அப்போ பாரு, எங்கேருந்தோ ஒரு குருவி கெளம்புச்சு. மஞ்சக் காலு, கண்ணு முன்னாடி செவப்புத் தோலு. ஆள்காட்டிக் குருவி! மனுஷ வாடை பட்டாப் போதும், ஊரையே கூட்டிரும்.

"கிட்ட-வராதே! கிட்ட-வராதே!"

அவ்வளவுதான். பூநாரைங்க எல்லாம் தலையைத் தூக்குச்சு. படபடபடபட... அக்கரைக்குப் போயிருச்சு.

அப்புறம் தை மாசம். இந்தத் தடவை பச்சைச் சேலை, தலை மேல தழை. ஒரு பொதருக்குப் பின்னாடி குத்த வச்சு உக்காந்துட்டா. கொசு ஙொய்ங்ங்குது, முள்ளு சுருக்குங்குது, அசையலையே! பூநாரைங்க சளப்பு சளப்புன்னு நடந்து வருதுங்க. வருதுங்க... இன்னும் கொஞ்சம்... அப்போ பொதருக்குள்ள எட்டிப் பாத்துச்சு அந்த ஆள்காட்டி.

"கிட்ட-வராதே!" படபடபடபட.

"நான் எங்கடி வந்தேன்? உக்காந்துதானேடி இருந்தேன்!"

கூட வந்த சிநேகிதி பரிமளா வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சா. "உன் மாமியாரே குருவியாப் பொறந்து வந்திருக்காங்க போலடி!"

தூங்கிட்டியா?

ம்ஹூம்.

அப்புறம் பங்குனி வந்துருச்சு. வெயில் ஏறிப் போச்சு. "இதான் கடைசி. இனிமே பூநாரைங்க கெளம்பிரும்"னார் வாத்தியார். அன்னிக்கு செங்கமலம் எல்லாருக்கும் பின்னாடி, செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு, கரை மேல பூனையாட்டம் நடந்தா. அப்பவும் வந்துச்சு அது. விர்ர்ர்னு தலைக்கு மேல பாஞ்சுது. அப்புறம் தரையில எறங்கி, ஒரு றெக்கையை இழுத்துக்கிட்டு, நொண்டி நொண்டி அந்தப் பக்கம் ஓடுச்சு.

"நடிப்பு வேறயா? இன்னிக்கு உன்னை விடமாட்டேன்!"னு குனிஞ்சு ஒரு கல்லை எடுத்தா.

கல்லு கனக்கவே இல்லை.

என்னடான்னு பாத்தா, முட்டை! சேத்து நெறத்துல கறுப்புப் புள்ளி. பக்கத்துலயே சரளைக் கல்லோட கல்லா இன்னும் மூணு. கூடு இல்லை, ஒண்ணும் இல்லை, வெறுந்தரை. "அடி ஆத்தி... இதுக்காடி கத்துற?"ன்னு, பூவை வைக்கிறாப்புல திருப்பி வச்சா.

அப்போ தூரத்துல வாத்தியார் கையைப் பூநாரைக் கழுத்தாட்டம் வளைச்சு வளைச்சுக் காட்டுறார். பக்கத்துலயே வந்து எறங்கியிருக்குங்க, ஓடி வா, ஓடி வா! செங்கமலத்துக்குக் கால் பறக்குது. ஒரு எட்டு வச்சா. பின்னாடி திமுதிமுதிமுன்னு சத்தம். வேன்ல வந்த பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க அதே கரை மேல ஓடி வருதுங்க!

கத்தினா பூநாரை போயிரும். கத்தலைன்னா முட்டை நச்! என்ன பண்ணுவா?

குருவியைப் பாத்தா. அது இன்னும் நொண்டுது. இவளும் ஒரு கையைத் தொங்கப் போட்டுக்கிட்டு, நொண்டி நொண்டி கரையோட அந்தப் பக்கச் சரிவுல எறங்கி, சேத்துக்குள்ள சளக்!

"டேய், அந்த அக்கா விழுந்துட்டாங்கடா!" புள்ளைங்க மொத்தமும் அந்தப் பக்கம் திரும்பிருச்சு. "அக்கா, கையைக் குடுங்க!"

உதட்டு மேல வெரலை வச்சா. "உஷ்ஷ்! மேல முட்டை இருக்கு. இப்பிடியே கீழ சுத்திப் போங்க, கண்ணுங்களா." அதுங்களும் கமுக்கமா, சிரிப்பை அடக்கிக்கிட்டுப் போச்சுங்க. அதுங்க பின்னாடி இன்னும் ஆளுங்க. வந்தவங்களையெல்லாம் கையைக் காட்டிச் சுத்தி விட்டுக்கிட்டே நின்னா. நின்னுக்கிட்டே இருக்கையில பூநாரையும் பறந்து போச்சு.

பரிமளா ஓடி வந்தா. "மூக்குக்கு நேரா நின்னுதுடி! கண்ணு மஞ்சக் கலர்டி! நீ என்னடி எருமையாட்டம் சேத்துல பொரண்டு நிக்கிற?"

"நீயாச்சும் பாத்தியே. போய்ச் சாப்புடு, வரேன்"னா. சொல்லிட்டு மொகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டா.

எல்லாரும் போயாச்சு. செங்கமலம் கொஞ்சம் தள்ளிப் போய் உக்காந்தா. அப்போ ஆள்காட்டி வந்துச்சு. தலையைச் சாய்ச்சு இவளைப் பாத்துச்சு. குடுகுடுன்னு ஓடி வந்து, முட்டை மேல பொத்துனாப்புல உக்காந்துச்சு.

கத்தலை. ஒரு சத்தம் இல்லை.

ஆள்காட்டி கத்தலைன்னா என்ன அர்த்தம்? அங்க பயப்பட ஆள் இல்லைன்னு அர்த்தம். அது கத்தினாத்தானே மத்ததுங்க பறக்கும்? அதனால மொதல்ல ஒரு உள்ளான் குருவி வந்துச்சு. அப்புறம் ஒரு கொக்கு. அப்புறம் வானமே செவந்தாப்புல ஒரு கூட்டம் வட்டம் போட்டு, சளப்பு சளப்புன்னு, செங்கமலத்துக்கு முன்னாடியே எறங்குச்சு. கண்ணு தெரிஞ்சுது, மஞ்சக் கண்ணு. வளைஞ்ச மூக்கைத் தலைகீழா சேத்துல விட்டு அலசுறது தெரிஞ்சுது. 'பரிமளா!'ன்னு வாய் வரைக்கும் வந்துருச்சு. உதட்டைக் கடிச்சுக்கிட்டா. கண்ணுலேருந்து பொலபொலன்னு தண்ணி, வாயில சிரிப்பு.

அப்புறம் ஒண்ணொண்ணா ஒரு காலை மடக்கி, கழுத்தை முதுகுல சொருகி, அதுங்க தூங்கிருச்சு. ஒத்தைக் கால்ல நின்னுக்கிட்டே அதுங்க தூங்குது, நீ ரெண்டு காலையும் நீட்டிப் படுத்திருக்க. கதை கரையேறியாச்சு, கண்ணை மூடு, தூங்கு.